சூசையின் ஜீப்புக்கு நான் மாட்டிய ஷாக்

ஷாக் அப்சார்பர் மாற்றுவது எப்படி என்று இங்கே எழுதப்போவதில்லை. பட்டறையில் சேர்ந்த ஒரு வாரத்தில் உங்கள் கை அதைத் தானாகக் கற்றுக்கொள்ளும். வேலை முடிந்து, ஜாக்கியை இறக்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துட்டுப் போங்க" என்று டிரைவரிடம் சொல்கிறோம் அல்லவா? அதற்கு முன்னால் ஒரு நிமிடம் இருக்கிறது. அந்த நிமிடத்தில் நான் செய்த தப்பையும், அதை மறைக்கப் போய்ச் செய்த பெரிய தப்பையும் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருடம் ஸ்பானர் பிடித்தவன் நான். நல்ல வேலைக்காரன் என்று சொல்லித்தான் என்னை உங்களுக்கு அறிமுகப்படுத்தியிருப்பார்கள். படித்து முடித்த பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் காரவள்ளிக்குப் போகும் சாலையோரப் பட்டறை ஒன்றில் நான் தலைமை மெக்கானிக். கொல்லிமலைக்கு ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எந்த வண்டி எதில் கெட்டுத் திரும்பும் என்று பேனட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். மேஸ்திரி சொன்னால் சரியாக இருக்கும் என்று டிரைவர்கள் பேசிக்கொள்வார்கள். அது என் காதிலும் விழும்.

மலைமேல் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஜீப் எங்களிடம்தான் வேலைக்கு வரும். டிரைவர் பெயர் சூசை. லால்குடிப் பக்கத்துக்காரர், என் வயதுதான். குடும்பத்தைக் கீழே விட்டுவிட்டு ஆறு வருடமாக மலையில் தனியாக இருந்தார். வண்டியைத் தன் உடம்பு மாதிரி பார்த்துக்கொள்பவர். சின்னச் சத்தம் கேட்டாலும் இறங்கி வந்துவிடுவார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் வண்டியைப் பட்டறைக்குள் விட்டு நிறுத்திவிட்டு, இறங்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க சூசை, என்ன கோளாறு?" என்றேன்.

"முன்னாடி ஷாக்கை ஏதாவது பண்ணணும் மேஸ்திரி. என்னால முடியல."

முந்தின நாள், பலாப்பழம் இறக்க மரமேறி விழுந்த ஒருவரைக் கீழே கொண்டுவந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்திருந்தது.

"ஒவ்வொரு குழியிலயும் கத்துனாரு மேஸ்திரி. நான் எவ்வளவு மெதுவா உட்டாலும் கத்துனாரு. பாதி மலை இறங்கினப்ப சத்தம் நின்னுபோச்சு. செத்துட்டாருன்னே நெனச்சேன். பாத்தா மயக்கம். வண்டிய ஓரங்கட்டிட்டு நான் அழுதேன்."

கம்பெனி ஷாக் அந்தச் சாலைக்கு மூன்று மாதம் தாங்காது. ஆயில் கசிந்து வெறும் குழாயாகிவிடும். பிறகு குழியில் விழும் அடி அப்படியே உள்ளே படுத்திருப்பவரின் எலும்புக்குப் போகும். நான் இரண்டு வாரம் அதையே யோசித்தேன். ஜீப்பைவிடப் பெரிய வண்டிக்கான ஷாக் ஒரு ஜோடி வாங்கினேன். தடிமனும் அதிகம், நீளமும் அதிகம். அது உட்காருவதற்கு மேல் தாங்கியை உயர்த்தி, புதிதாக அடித்து, வெல்டிங் வைத்தேன். மாட்டி முடித்ததும் சூசையை ஓட்டச் சொல்லிவிட்டு, நோயாளி மாதிரி நானே பின்னால் நீட்டிப் படுத்துக்கொண்டு பத்து வளைவு ஏறி இறங்கினேன். தலை ஆடவில்லை. சூசை திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பட்டறைக்குத் திரும்பி, கடைசியாக ஒரு முறை பார்த்துவிடலாம் என்று முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினேன். சக்கரங்கள் கீழே தொங்கின. அப்போதுதான் பிரேக் ஓஸைப் பார்த்தேன். அடிச்சட்டமான சேஸியிலிருந்து ஆக்சிலுக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் அது. துணி காயப்போடும் கொடி மாதிரி விறைப்பாக நின்றது. விரலால் சுண்டினேன். விண் என்றது.

ஏன் என்று எனக்கு உடனே புரிந்தது. பழைய ஷாக் நீளம் குறைவு. சக்கரம் குழியில் இறங்கும்போது ஒரு அளவுக்கு மேல் ஆக்சிலை அது இறங்கவிடாது. நான் மாட்டிய ஷாக் நீளம் அதிகம். தாங்கியை உயர்த்திய பிறகும் ஆக்சில் இன்னும் இரண்டு விரற்கடை கீழே போகும். ஓஸ் மட்டும் பழைய நீளம். ஆழமான குழி வரும்போதெல்லாம் அது இழுபடும். அந்தக் காலத்து ஜீப்புக்கு நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் வழிதான். அந்த ஓஸ் போனால் மொத்தமும் போய்விடும்.

நீளமான ஓஸ் சேலத்திலிருந்து வர வேண்டும். மறுநாள் ஆடிப் பதினெட்டு. கடை இருக்காது. மலையில் கோயிலுக்குக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. ஜீப் எங்கே, ஜீப் எங்கே என்று சுகாதார நிலையத்து நர்சம்மா இரண்டு முறை போன் செய்துவிட்டார். ஜாக்கியில் தூக்கினால்தான் இப்படித் தொங்கும், ரோட்டில் இவ்வளவு தொங்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடி முடிந்ததும் மாற்றிவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டையும் சூசையிடம் சொல்லவில்லை. சற்று முன் அவர் முகத்தில் பார்த்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. மேஸ்திரி செய்த வேலையில் குறை இருக்கிறது என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

"எடுத்துட்டுப் போங்க சூசை," என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை அந்த ஜீப் ஆயில் மாற்ற வந்தது. முதல் முறை எனக்கு ஓஸ் நினைவே வரவில்லை. இரண்டாம் முறை வண்டி வாசலைத் தாண்டிய பிறகு நினைவு வந்தது. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இதற்குள் ஜீப் சுகமாக ஓடுகிறது என்ற பேச்சு மலை முழுக்கப் பரவி, வாழைத்தார் ஏற்றும் ஒரு வியாபாரி தன் ஜீப்புக்கும் அதே மாதிரி மாட்டிக்கொடுக்கச் சொன்னார். மாட்டினேன். அந்த வண்டியில் ஓஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் சாலை பெயர்ந்தது. வளைவுக்கு வளைவு குழி. ஒரு நாள் காலை, மலைமேல் தேவனூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியிலிருந்து பாப்பாத்தி என்ற பெண்ணைத் தூளியில் கட்டிச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிவந்தார்கள். மூன்று நாளாக வயிற்று வலி, காய்ச்சல். குடல்வால் வெடித்திருக்கலாம், உடனே கீழே கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்னார். ஜீப்பில் அந்தப் பெண்ணைப் படுக்கவைத்து, அவள் கணவர் சடையனும் நர்சம்மாவும் பக்கத்தில் உட்கார, சூசை இறங்கினார்.

அதன் பிறகு நடந்ததை நர்சம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன். நாற்பத்து மூன்றாவது வளைவில் முன்சக்கரம் ஒரு பெரிய குழியில் விழுந்து எழுந்தது. அடுத்த வளைவு வருவதற்குள் சூசை, "பிரேக் இல்ல, பிடிச்சுக்குங்க" என்று கத்தினார். கியரைக் குறைத்தார். கைப்பிரேக்கை இழுத்தார். நிற்கவில்லை. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் பாறை. ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்து, தான் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பாறையில் கொடுத்து உரசி நிறுத்தினார். பின்னால் இருந்தவர்களுக்குச் சிராய்ப்புக்கு மேல் ஒன்றும் இல்லை. சூசையின் வலது கால் உள்ளே நசுங்கியிருந்தது.

மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு லாரி வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பாப்பாத்தி டவுன் ஆஸ்பத்திரி வாசலில் இறந்துபோனாள். நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று பிறகு ஒரு டாக்டரைக் கேட்டேன். "பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம்" என்றார். அந்தப் பதிலோடுதான் இத்தனை வருடம் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

நொறுங்கிய ஜீப்பைக் கட்டி இழுத்துவரப் போனவன் நான்தான். பட்டறை முதலாளியும் வந்தார். குனிந்து அடியில் பார்த்தேன். ஓஸ் மேல்முனையில், இரும்புப் பூணை ஒட்டி அறுந்திருந்தது. மோதலில் நசுங்கியதற்கான அடையாளம் அங்கே இல்லை. ஆக்சிலின் பின்பக்கம் முழுக்க, வண்டி ஓடும்போதே தெறித்த ஆயில், சேற்றைக் கழுவிக்கொண்டு வழிந்த தடம் இருந்தது. நின்ற இடத்தில் அறுந்திருந்தால் நேராகச் சொட்டியிருக்கும். படிக்கத் தெரிந்தவனுக்கு அது எழுத்து மாதிரி தெளிவாக இருந்தது.

முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானும் குனிந்தார். அவரும் தொழில் தெரிந்தவர்.

"அதைக் கழட்டிப் போட்டுடுங்க," என்றார் மெல்ல.

"வேண்டாங்க. அது தப்புங்க."

"அப்ப வாயத் தொறக்காம இருங்க. பட்டறைய நம்பி நாலு ஊடு இருக்குது. உம்பட ஊடும் அதுல ஒண்ணு."

நான் ஓஸைக் கழற்றவில்லை. அதுவே பெரிய நேர்மை என்று அன்று நினைத்தேன். மறுநாள் காலை, விபத்து வண்டிகளைச் சோதிக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார், அவரே கண்டுபிடித்துவிடுவார், என் வாயால் சொல்ல வேண்டியிருக்காது என்று இருந்தேன்.

அவர் வந்தார். ஸ்டேஷன் வளாகத்தில் மழைத் தண்ணீர் தேங்கிய தரையில் சாக்கைப் போட்டு, ஒரு நிமிடம் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தார். டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்.

"ஓஸ் அறுந்திருக்கு. மோதுனதுல அறுந்திருக்கும். என்ன மேஸ்திரி?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தொழில் தெரியும் என்ற மரியாதையில்தான் கேட்டார்.

"அப்படித்தாங்க இருக்கும்," என்றேன்.

அப்படியே எழுதிக்கொண்டார். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டியதாகச் சூசை மேல் வழக்கு. பிரேக் இல்லை என்று அவர் கத்தியதை நர்சம்மா சொல்லியிருக்கிறார். எல்லா டிரைவரும் சொல்வதுதான் என்று விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்த மனிதரை வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள்.

பதினோரு நாள் நான் பட்டறைக்குப் போனேன், வேலை செய்தேன், வீட்டுக்கு வந்தேன். என் கையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். குற்றம் செய்தவன் கை நடுங்கும் என்பார்கள். எனக்கு நடுங்கவில்லை. யார் வந்தாலும் போலீஸோ என்று ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் சூசையைப் பார்க்கப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்பதற்காகப் போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவர் மனைவி எனக்கு ஸ்டூலைக் காட்டிவிட்டுக் கஞ்சி வாங்கப் போனார். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்வை அங்கே தட்டையாகக் கிடந்தது.

"ஷாக் நல்லா வேலை செஞ்சுது மேஸ்திரி," என்றார் சூசை. அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. "அந்தம்மா குலுங்கவே இல்ல. நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே வந்தேன். வலியில கண்ண மூடித்தான் இருந்தாங்க, ஆனா குழியில விழறப்ப முகம் மாறல."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"நான்தான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன். பெடல் கீழ போச்சுன்னுதான் முதல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்ப யோசிக்கிறேன். கால் வழுக்கி ஆக்சிலேட்டர்ல பட்டுருச்சோ என்னவோ. ராத்திரி பகலா அதையே யோசிக்கிறேன். கால்கிட்டயே கேக்கலாம்னா அது இல்ல."

சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இருபது வருடமாக வண்டி ஓட்டிய மனிதர், தன் கால் செய்யாத தப்பைச் செய்ததாக நம்பத் தொடங்கியிருந்தார். இன்னும் ஒரு வாரம் போனால் போலீஸிடம் அதையே சொல்லிக் கையெழுத்தும் போட்டிருப்பார்.

"கால் தப்புப் பண்ணலீங்க," என்றேன். "ஓஸ் அறுந்துதுங்க. புது ஷாக்கு நீளம். ஓஸ் நீளம் பத்தல."

அவர் என்னையே பார்த்தார். "எப்பத் தெரிஞ்சுது?"

"மாட்டின அன்னிக்கேங்க."

அவர் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். பிறகு மிகவும் தணிந்த குரலில் சொன்னார்: "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மேஸ்திரி. நான் குழிய ஒதுக்கியிருப்பேன். ஒதுக்க முடியாத எடத்துல இறங்கி ஓஸைப் பாத்துட்டு எடுத்திருப்பேன். தெரிஞ்சிருந்தா எனக்கு ஓட்டத் தெரியுமே."

அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் கேட்க விடவில்லை. முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தார். முகத்தில் திடீரென்று வேறொரு பயம்.

"இதே ஷாக்கு வேற எந்த வண்டிக்கு மாட்டினீங்க?"

நம்புங்கள், பதினோரு நாளில் ஒரு முறைகூட அந்த வாழைத்தார் ஜீப் என் நினைவுக்கு வரவில்லை. பயந்தவனுக்குத் தன் கழுத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

"ஒரு வண்டிக்குங்க. வாழைக்கா ஏத்தற வண்டி."

"அது இப்ப எங்க?"

"மேலதான் ஓடுதுங்க. இன்னிக்குச் சோளக்காட்டுச் சந்தை."

"இங்க உக்காந்து என்ன அழுகை வேண்டிக்கிடக்கு? எந்திரிச்சுப் போங்க!" என்று கத்தினார். வார்டே திரும்பிப் பார்த்தது.

பஸ் பிடித்து மலை ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் எதிரே இறங்கும் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நின்று பார்த்தேன். கண்டக்டர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். நாற்பத்து மூன்றாவது வளைவைப் பஸ் கடக்கும்போது பாறையில் ஜீப் உரசிய வெள்ளைக் கோடு தெரிந்தது.

சோளக்காட்டுச் சந்தையில் அந்த ஜீப் நின்றது. பின்னால் வாழைத்தார், அதன்மேலும் ஓரத்திலும் ஆட்கள், ஒன்பது பேராவது இருப்பார்கள். டிரைவர் சாவியைப் போட்டு வண்டியைக் கிளப்பிவிட்டான்.

நான் ஓடிப்போய்ப் பேனட்டில் கையை ஊன்றி நின்றேன்.

"ஏனுங் மேஸ்திரி, என்னாச்சுங்?" என்றான்.

"வண்டிய எடுக்காத சாமி. ஆளுகள இறக்கு."

"லோடு ஏத்தியாச்சுங்க. மத்தியானத்துக்குள்ள கீழ போய்ச் சேரணும். மொதலாளி வைவாருங்க."

"பிரேக் ஓஸ் கெட்டிருக்குது."

"பிரேக் கல்லு மாதிரி நிக்குதுங்க. காலையிலதான இறங்கி ஏறுனேன்."

மேலே உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பஸ்ஸை விட்டுவிட்டு இதில் ஏறினோமே என்றார் ஒருவர். பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. டயருக்கு முன்னால் அப்படியே சேற்றில் படுத்து உள்ளே நுழைந்தேன். ஓஸின் மேல்முனையில், அதே பூணுக்குக் கீழே, ரப்பர் சுற்றிலும் பிளந்து உள்நூல் வெளியே தெரிந்தது. அதுவும் பாதி பிசிறிவிட்டிருந்தது.

"நீயே வந்து பாரு," என்றேன்.

அவன் நுழைந்தான். நூலைத் தொட்டுப் பார்த்தான். கொஞ்ச நேரம் அங்கேயே மல்லாந்து கிடந்தான். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. யாரிடமும் ஒன்றும் விளக்காமல் பின்பக்கம் போய், கைக்குழந்தையோடு வாழைத்தார் நடுவில் உட்கார்ந்திருந்த தன் மனைவியின் கையைப் பிடித்து இறக்கினான். அதைப் பார்த்து மற்றவர்களும் பேசாமல் இறங்கினார்கள்.

"இது எத்தன நாளா இப்படிங்?" என்று என்னிடம் கேட்டான்.

"தெரியாது. நான் உன்னை முன்னமே கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சொல்லல."

அவன் என் முகத்தில் துப்பிவிடுவான் என்று நினைத்தேன். துப்பவில்லை. முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான்.

அங்கிருந்து தேவனூர் நாட்டுக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. ஆனால் மலையை விட்டு இறங்கினால் மறுபடி ஏறமாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். விசாரித்து நடந்து சடையன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அவர் களத்தில் சாமைக் கதிரை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். மொட்டை அடித்த தலையில் முடி அரும்பியிருந்தது. நான் யார் என்று சொன்னேன். விஷயத்தையும் சொன்னேன். "ஓஸ் அறுந்துபோச்சுங்க, அதனால பிரேக் பிடிக்கலீங்க, டிரைவர் மேல தப்பில்லீங்க" என்றேன்.

அவர் கதிரைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். தன் அண்ணனைக் கூப்பிட்டார். "இவருகிட்டயும் சொல்லுங்க," என்றார். சொன்னேன். பிறகு பாப்பாத்தியின் அப்பா வந்தார். "இவருகிட்டயும்." பிறகு பக்கத்துக் களத்து ஆட்கள். ஒவ்வொருவர் வரும்போதும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார் சடையன். தண்டிக்க வேண்டும் என்று செய்ததாகத் தெரியவில்லை. அவர்கள் வீட்டுச் சாவு அது. எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் செய்தார்.

ஆறேழு முறை சொல்லியிருப்பேன். மூன்றாவது, நான்காவது முறை சொல்லும்போதுதான் என் பேச்சே எனக்குக் கேட்டது. முதலில் 'ஓஸ் அறுந்துபோச்சு' என்று சொன்னவன், பிறகு 'ஓஸ் நீளம் பத்தல' என்றேன். கடைசியில், "ஓஸ் இழுக்குதுன்னு நான் பாத்தேங்க. பாத்துட்டு யாருகிட்டயும் சொல்லலீங்க. இன்ஸ்பெக்டர் கேட்டப்பவும் பொய் சொன்னேங்க" என்றேன். அதற்குப் பிறகு சடையன் யாரையும் கூப்பிடவில்லை.

"நான் அந்த டிரைவரத்தான் இத்தன நாளா சபிச்சுக்கிட்டிருந்தேன்," என்றார். "அவன் ஊடு வெளங்கக்கூடாதுன்னு சாமிக்கு முன்னால மண்ண வாரித் தூத்துனேன். அத இப்ப எப்படிங்க திருப்பி வாங்கறது?"



மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக்கொடுத்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து ஜீப்பின் அடியில் முழுதாகப் படுத்துப் பார்த்தார். இந்த முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சூசை மேல் இருந்த வழக்கு நீங்கி என்மேல் வந்தது. முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தினார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். ஆறு மாதம் சிறை. அங்கே பட்டது வேறு கதை, அதை இதோடு சேர்க்க வேண்டியதில்லை.

வெளியே வந்த பிறகு நாமக்கல் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் வேலை கிடைத்தது. அங்கேயும் இப்படிப் பாகத்தை மாற்றிப் பெரிதாக்கும் வேலைகள் நிறையச் செய்தேன். ஒரு பாகத்தைப் பெரிதாக்கினால் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் போய்க் கேட்க வேண்டும், உனக்கு இது சம்மதமா என்று. குழாய், ஒயர், பூண், போல்ட், எல்லாவற்றையும். இதைக் கையால் கற்றுக்கொள்ளலாம். கஷ்டமானது அடுத்தது. சந்தேகம் இருந்தால் டிரைவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். வேலை தெரியாதவன் என்பார்கள். வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். எனக்கு எல்லாம் நடந்திருக்கிறது. போகட்டும். ஒரு சந்தேகம் காதில் விழுந்த டிரைவர் கொஞ்சம் பார்த்துத்தான் ஓட்டுவான். அந்த வாய்ப்பைச் சூசைக்கு நான் கொடுக்கவில்லை.

சொன்ன பிறகு மனம் லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். லேசாகாது. லேசாக வேண்டும் என்பதற்காகச் சொல்லவும் கூடாது. ரோட்டில் இன்னொரு வண்டி ஓடிக்கொண்டிருக்கும், அதற்காகச் சொல்ல வேண்டும்.

விடுதலையாகி இரண்டு மாதம் கழித்துச் சூசையைப் பார்க்க மலைக்குப் போனேன். வண்டி ஓட்ட முடியாது என்பதால் அதே சுகாதார நிலையத்தில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை கொடுத்திருந்தார்கள். கட்டைக்கால் மேசைக்கு அடியில் நீட்டியிருந்தது. வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்தது, அதில் சந்தேகமில்லை.

"பேரு?" என்றார்.

சொன்னேன்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

பேனாவை மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தாச்சில்ல," என்றார். "பின்னால ஆளுங்க நிக்கிறாங்க மேஸ்திரி. வழி விடுங்க."

நான் ஒதுங்கி வழிவிட்டேன்.